பரணில் வீணை, மாடியில் கிட்டார்

போன இதழில் மழைக்காலத்து ஈரத்துணி வாடையைப் பற்றி எழுதியதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. எல்லோருக்கும் பதில் போட ஆசைதான். ஆனால் இந்தப் பதினைந்து நாளாக என் வீட்டுத் துணி காய்ந்ததா என்று பார்க்கக்கூட எனக்கு நேரமில்லை. வீட்டில் ஒரு யுத்தம்!

யுத்தத்துக்குக் காரணம் ஒரு கிட்டார்.

என் சின்னவன் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறான். ஒரு சனிக்கிழமை சாயந்திரம் கறுப்பு உறை போட்ட எதையோ தோளில் மாட்டிக் கொண்டு வந்தான். கிரிக்கெட் மட்டையாக்கும் என்று இருந்துவிட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மாடியிலிருந்து 'ங்ஙொய்ய்ய்' என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டு நாய் குலைக்க ஆரம்பித்து, எதிர் வீட்டில் தூங்கின கைக்குழந்தை வீறிட்டு, என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துவிட்டார். போய்ப் பார்த்தால் மின்சார கிட்டார்! பக்கத்தில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர். இரண்டு வருஷமாகச் சேர்த்த பணமாம், பழைய சாமானாக வாங்கினானாம்.

நாங்கள் இருப்பது ராஜகீழ்ப்பாக்கம். வேளச்சேரி ரோட்டிலிருந்து நாலு தெரு உள்ளே. என் அப்பா இங்கே மனை வாங்கி வீடு கட்டினபோது ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களைப் பார்த்திருக்கிறேன். ராத்திரியானால் தவளைக் கச்சேரிதான். இப்போது தண்ணீர் லாரியும் அடுக்குமாடியும் வந்துவிட்டன. சுவருக்குச் சுவர் ஒட்டின வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டுக்குத் தும்மல் வரும். அங்கே போய் இந்தச் சத்தம் போட்டால்?

மறுநாள் காலை இன்னொரு குண்டு விழுந்தது. பையனுக்கு இரண்டு பேப்பர் அரியர். இவர் கத்தினார்: "அந்தக் கிட்டாரை இன்னிக்கே வித்துட்டு வா!" நானும் ஒத்து ஊதினேன். "ஆமாண்டா, வித்துடு. படிக்கிற வயசுல எதுக்கு இதெல்லாம்?"

அவன் என்னை எதிர்த்துப் பேசவில்லை. மேலே நிமிர்ந்து பரணைப் பார்த்தான். "சரிம்மா, வித்துடறேன். அந்த வீணையையும் சேர்த்து வித்துடலாமா? அதுவும் சும்மாதானே இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. பழைய புடவையில் சுற்றி, அரிசி டிரம்முக்குப் பின்னால் நான் வைத்திருக்கிற வீணை அது. கல்யாணத்துக்கு முன்னால் ஒன்பது வருஷம் கற்றுக்கொண்டேன். பெரியவன் பிறந்தபோது "கொஞ்ச நாள் கழிச்சு எடுக்கலாம்" என்று பரணில் ஏற்றினேன். அந்தக் 'கொஞ்ச நாள்' இன்னும் முடியவில்லை. உங்களில் எத்தனை பேர் வீட்டுப் பரணில் என்னென்ன இருக்கிறதோ!

நான் ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன். சாயந்திரம் காபியை எடுத்துக் கொண்டு மாடிக்குப் போனேன். "அப்படி அதுல என்னதான் வாசிக்கிறே? சொல்லு, கேக்கறேன்."

"ப்ளூஸ்ம்மா" என்றான். "மடி வாட்டர்ஸ்னு ஒருத்தர்."

"மடித் தண்ணியா? யாருடா அவ்வளவு ஆசாரமான ஆளு?"

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். இங்கிலீஷில் 'மடி' என்றால் சேறாம். சேற்றுத் தண்ணீர்! நம் மடிக்கு நேர் எதிர். அந்தப் பெயர் வந்த கதையை அவன் சொல்லச் சொல்ல என் காபி ஆறிப் போயிற்று.

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில், பருத்தித் தோட்டத்தில் கூலி வேலை செய்த கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளை அவர். பிறந்தது 1913 என்று ஆவணங்களைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அவர் 1915 என்றே சொல்லி வந்தார். நம் வீட்டுப் பெரியவர்கள் மாதிரிதான்! தாய் சின்ன வயசிலேயே போய்விட, பாட்டிதான் வளர்த்தாள். வீட்டுக்கு வெளியே சேற்றிலேயே விளையாடிக் கொண்டிருந்த பேரனுக்கு அவள் வைத்த செல்லப் பெயர்தான் அந்தச் 'சேறு'. அந்தப் பெயரே உலகம் பூராவும் பரவிவிட்டது.

பாட்டி தெய்வ பக்தி உள்ளவள். பேரன் வாசிக்கிற ப்ளூஸ் பாட்டெல்லாம் பாவம் என்று அவளுக்கு நினைப்பு. ஆனால் பிள்ளை விடவில்லை. பதினேழு வயசு வாக்கில் வீட்டில் மிஞ்சியிருந்த கடைசிக் குதிரையை விற்றாராம். பதினைந்து டாலர் கிடைத்தது. சரி பாதி, ஏழரை டாலரைப் பாட்டி கையில் கொடுத்துவிட்டு, தன் பங்கில் இரண்டரை டாலருக்கு ஒரு பழைய கிட்டார் வாங்கினார். இதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பாவம் என்று சொன்ன பாட்டிக்கும் பாதிப் பங்கு! இந்த இடத்தில் என் பையனை ஒரு பார்வை பார்த்தேன். அவன் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக் கொண்டான்.

1941ல் நாட்டுப்புறப் பாட்டுகளைப் பதிவு செய்ய ஆலன் லோமாக்ஸ் என்பவர் அந்தத் தோட்டத்துக்கு வந்தார். அன்றைக்குத்தான் தன் குரலையே இசைத்தட்டில் கேட்கும் பாக்கியம் இவருக்குக் கிடைத்தது. 'நமக்கும் பாட வரும்' என்ற தைரியம் வந்துவிட்டது. 1943ல் சிகாகோவுக்கு ரயில் ஏறினார். பகலில் வேலை, ராத்திரியில் மதுக்கடைகளில் பாட்டு. அங்கேதான் சிக்கல். கிராமத்துத் திண்ணையில் கேட்ட மரக் கிட்டார், அந்தப் பட்டணத்துக் கூச்சலில் எடுபடவே இல்லை. உறவுக்காரர் ஒருவர் உதவியோடு மின்சார கிட்டாருக்கு மாறினார். அப்படிப் பிறந்ததுதான் சிகாகோவின் மின்சார ப்ளூஸ். 1950ல் அவர் பாடிய ஒரு பாட்டின் பெயரிலிருந்துதான் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்ற புகழ் பெற்ற ஆங்கிலக் குழுவே தன் பெயரை எடுத்துக் கொண்டது. 1983 ஏப்ரல் 30ஆம் தேதி அவர் காலமானார்.

"1983ஆ?" என்று கேட்டேன். எனக்கு வேறொரு ஞாபகம் வந்துவிட்டது. அதே வருஷம் பெர்லின் ஜாஸ் விழாவில் போய் வாசித்து வெளிநாட்டுக்காரர்களை எழுந்து நின்று கைதட்ட வைத்தானே நம் ஊர்ப் பிள்ளை, பதினாலு வயசில்! மாண்டலின் ஸ்ரீநிவாஸ்.

அவர் கச்சேரிக்கு என் அப்பா என்னை அழைத்துப் போனது 1984 மார்கழியில். தாம்பரத்தில் மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கினோம். மேடையில் சுருட்டை முடியும் சிரித்த முகமுமாக ஒரு பையன். கையில் குட்டியாக ஒரு வாத்தியம், அதிலிருந்து ஒரு வயர். என் பக்கத்தில் இருந்த பெரியவர் முணுமுணுத்தார்: "கரன்ட் போயிட்டா சங்கீதமும் போயிடுமோ?" பையன் ஆலாபனையில் ஒரு ஸ்வரத்தில் போய் நின்று, அதை அசைத்து, இழுத்து, விட்டுக் காட்டினான். பெரியவர் அப்புறம் வாயே திறக்கவில்லை. தொடையில் தாளம் மட்டும் போட்டுக் கொண்டிருந்தார். வீணை கற்றுக் கொண்டிருந்த எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அவர் பிறந்தது 1969 பிப்ரவரி 28, ஆந்திராவில் பாலகொல்லு. அப்பா சத்தியநாராயணா கிளாரினெட் வாசிப்பவர். வீட்டில் கிடந்த மாண்டலினை ஆறு வயசில் பிள்ளை எடுத்துத் தட்டியது. 'உடைச்சிடுவே, கீழே வை' என்று அப்பா சொல்லவில்லை. குருவிடம் சேர்த்தார். அந்தக் குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சிஷ்யர். வேடிக்கை என்னவென்றால், குருவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது! அவர் வாயால் பாடுவார். பையன் அதைக் கேட்டுக் கம்பியில் கண்டுபிடிப்பான். பாட்டை வாத்தியத்தில் பேச வைக்கிற வித்தை அவருக்கு அப்படித்தான் வந்தது. 1978ல் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனையில் முதல் கச்சேரி. 1981ல் சென்னையில் முதல் சீஸன் மேடை. அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

"அது சரிம்மா, அவர் ஏன் எலெக்ட்ரிக் வாசிச்சார்? மேடையில மைக் இருக்கே?" என்று பையன் கேட்டான். நல்ல கேள்விதான். இதற்குப் பதில் வீணை கற்ற எனக்குத் தெரியும்.

சாதாரண மாண்டலினில் எட்டுக் கம்பிகள், ஜோடி ஜோடியாக. தட்டினால் 'டிங்' என்று கேட்டு உடனே அடங்கிவிடும். நம் சங்கீதத்துக்குக் கமகம்தானே உயிர்? ஸ்வரம் நின்றால்தான் அதை அசைக்க முடியும். வடை மாவு கையில் நின்றால்தானே தட்ட முடியும், அந்த மாதிரி. ஸ்ரீநிவாஸ் ஜோடிக் கம்பிகளை விட்டுவிட்டு, ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின்சார மாண்டலினை எடுத்துக் கொண்டார். கம்பிக்கு அடியில் ஒரு காந்தமும், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் சுருளில் துளி மின்சாரம் பிறக்கும். அதை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கும். ஸ்வரம் அடங்கிப் போகும் முன்னால் அதை வேண்டிய மட்டும் வளைக்கலாம்.

சிகாகோக்காரருக்குக் கூட்டத்தின் சத்தத்தை ஜெயிக்க மின்சாரம் வேண்டியிருந்தது. நம் பிள்ளைக்கு ஸ்வரத்தை நிற்க வைக்க வேண்டியிருந்தது. இரண்டு பேரும் தொட்டது அதே காந்தமும் சுருளும்தான்.

இன்னொன்றும் பையன் காட்டினான். ப்ளூஸில் விரலால் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி ஸ்வரத்தை வளைக்கிறார்கள். நான் பார்த்தேன், அட, வீணையில் மெட்டின் மேல் கம்பியை இழுப்போமே, அதே வேலை! அவன் 'பெண்ட்' என்கிறான், நான் கமகம் என்கிறேன். ஜான் மக்லாஃப்லின் என்ற ஆங்கிலேய கிட்டார்க்காரர் சின்ன வயசில் ப்ளூஸ் கேட்டுத்தான் கிட்டார் பைத்தியம் ஆனவராம். அவருடைய அம்மா வயலின் வாசிப்பவர். அவரே பின்னாளில் ஜாகிர் உசேனோடு 'ரிமம்பர் சக்தி' குழுவில் நம் ஸ்ரீநிவாஸைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசித்தார். மிசிசிப்பியும் பாலகொல்லும் ஒரே மேடையில்!

1998ல் ஸ்ரீநிவாஸுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2014 செப்டம்பர் 19ஆம் தேதி, கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு, சென்னை ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது. நாற்பத்தைந்து வயசுதான். பேப்பரில் படித்துவிட்டு அன்று நான் சமையலில் உப்புப் போட மறந்தது ஞாபகம் இருக்கிறது. தம்பி ராஜேஷ் இன்றும் மாண்டலின் வாசிக்கிறார்.

இத்தனையும் பேசிவிட்டுக் கீழே இறங்கினோம். ராத்திரி இவரிடம் பேச்செடுத்தேன். பையன் சாமர்த்தியமாக ஒரு அஸ்திரம் எடுத்தான்: "அப்பா, ராணிப்பேட்டையில பிறந்த பிரசன்னான்னு ஒருத்தர் எலெக்ட்ரிக் கிட்டார்ல கர்நாடகக் கச்சேரியே பண்றார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையா 2006ல 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்'னு ஆல்பம் போட்டவர். அவரும் இன்ஜினீயர்தான்."

"எங்கே படிச்சார்?"

"ஐ.ஐ.டி. மெட்ராஸ். கப்பல் கட்டற படிப்பு. அப்புறம்தான் அமெரிக்கா போய் பெர்க்லீ காலேஜ்ல மியூசிக்."

"அப்போ முதல்ல காலேஜை முடிச்சார்! நீயும் முடி!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் இவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, சகோதரிகளே. கிட்டார் தூக்கின பிள்ளையெல்லாம் ஸ்ரீநிவாஸ் ஆகிவிட மாட்டான். அவரைக் காட்டி 'நீயும் அப்படி ஆகணும்' என்று பிள்ளையை விரட்டுவதும் தப்பு. 'நீ என்ன அவரா?' என்று பிடுங்கி வைப்பதும் தப்பு. என் பிள்ளை மேடை ஏறுவானா என்று எனக்குத் தெரியாது. அரியர் வந்த துக்கத்தில் அவன் அறைக் கதவைச் சாத்திக் கொண்டு மொபைலில் மூழ்காமல், ஒரு கம்பியோடு போராடினானே, அதை நான் பார்த்தேன். அது போதும் என்று பட்டது.

முடிவில் ஒரு உடன்படிக்கை. கிட்டாரை விற்பதில்லை. தினம் சாயந்திரம் ஏழிலிருந்து எட்டு வரைதான். பரீட்சைக்கு முந்தின பதினைந்து நாள் கிட்டார் என் பீரோவில். எதிர் வீட்டுக் கைக்குழந்தையின் அம்மாவிடம் அவனே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். இதெல்லாம் நடந்த பிறகு ஒரு பேப்பர் தேறிவிட்டது. இன்னொன்று பாக்கி. இருப்பதைத்தானே சொல்ல வேண்டும்!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கறுப்பு உறை வந்து இறங்கலாம். அதனால் நான் கேட்டும் பட்டும் தெரிந்து கொண்ட சில விஷயங்கள்:

காது: 'ஹெட்போன் போட்டுக்கோ, ஊருக்குத் தொந்தரவில்லை' என்று நான்தான் முதலில் சொன்னேன். அப்புறம்தான் தெரிந்தது, அதிலும் ஆபத்து உண்டு. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் காது தாங்காது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்; 88க்கு நாலு மணி, 91க்கு இரண்டே மணி. உள்காதின் மெல்லிய செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. ஹெட்போன் போட்டிருக்கும்போது ஒரு கை தூரத்திலிருந்து நீங்கள் சாதாரணமாகக் கூப்பிட்டால் அவனுக்குக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் சத்தம் அதிகம். வாசித்து முடித்தபின் காதில் 'ஙொய்' என்று இரைச்சல் இருந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். அது நீடித்தால் காது டாக்டரிடம் போக வேண்டும்.

மின்சாரம்: மின்சார கிட்டாரின் கம்பிகள் ஆம்ப்ளிஃபயர் வழியாக எர்த்தோடு சேர்ந்தவை. வீட்டில் எர்த் சரியில்லை என்றால் ஷாக் அடிக்கிற அபாயம் உண்டு. மூன்று முள் பிளக்கின் ஒரு முள்ளை ஒடித்து இரண்டு முள்ளாக்குகிற சாமர்த்தியம் வேண்டவே வேண்டாம். பழைய ஆம்ப்ளிஃபயர் என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரக் கை, ஈரத் தரை, மொட்டை மாடி மழைச் சாரல் மூன்றும் ஆகாது.

விரல்: முதல் சில வாரம் இடது கை விரல் நுனி எரியும். அப்புறம் தோல் காய்த்துவிடும். காய்ப்பைக் கிள்ளாமல் விடச் சொல்லுங்கள். விரல் நுனி வலி சகஜம். மணிக்கட்டு வலியும் மரத்துப் போவதும் சகஜமில்லை. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கையை உதறி ஓய்வு கொடுக்க வேண்டும்.

சத்தம்: ஆம்ப்ளிஃபயரைத் தரையிலோ பொதுச் சுவரிலோ ஒட்டி வைத்தால் அதிர்வு பக்கத்து வீட்டுக்கு நேராகப் போகும். நான் பழைய ஜமக்காளத்தை நாலாக மடித்து அடியில் போட்டுவிட்டேன். நாய்கூட இப்போது குலைப்பதில்லை.

கடைசியாக ஒரு விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை பையன் ஏணி போட்டு வீணையைக் கீழே இறக்கினான். புடவையைப் பிரித்தபோது என் கை கொஞ்சம் நடுங்கியது. மெழுகு வெயிலில் இளகி, நாலைந்து மெட்டுகள் சரிந்து கிடந்தன. இரண்டு கம்பிகள் துருப்பிடித்து அறுந்திருந்தன. குடத்தில் மட்டும், நல்ல வேளை, விரிசல் இல்லை. மேளம் கட்டுகிறவரை விசாரித்து வைத்திருக்கிறோம். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எவ்வளவு ஆகும்னு கேட்டுக்கோ" என்று மட்டும் சொன்னார். எங்கள் வீட்டு பாஷையில் அதற்கு 'சரி' என்று அர்த்தம்.

அறுந்து போகாத ஒரு கம்பியை மீட்டிப் பார்த்தேன். சுருதி எங்கேயோ இருந்தது. "பரவாயில்லம்மா, ஒண்ணரைக் கட்டை கீழே இருக்கு, அவ்வளவுதான்" என்றான் பையன்.

ஏழிலிருந்து எட்டு அவன் நேரம். எட்டிலிருந்து எட்டரை எனக்கு. அந்த அரை மணியில் சப்பாத்தி யார் இடுவது என்பதுதான் இன்னும் தீர்மானமாகவில்லை!

அடுத்த இதழில் சந்திப்போமா?